திருமுழுக்கு அளித்தவர்

அக்கா,

நீங்கள் தண்ணீர் ஊற்றிய பிள்ளை செத்துப்போனால் அது ஞானஸ்நானம். பிழைத்துக்கொண்டால் அது ஞானஸ்நானம் இல்லை. எங்கள் கோயில் உங்களுக்குச் செய்த அநியாயம் இதுதான். ஆஸ்பத்திரியில் நீங்கள் மூன்று தரம் தண்ணீர் ஊற்றிப் பேர் வைத்த சிசு மூச்சை விட்டால், உங்கள் வாய்ச்சொல்லை நம்பிச் சேமக்காலையில் சிலுவை நட்டுப் புதைத்தார்கள். ஒரு சுவாமியும் சந்தேகப்படவில்லை. அதே கை, அதே வார்த்தை, ஆனால் பிள்ளை உயிரோடு கோயில் வாசலுக்கு வந்துவிட்டால், சுவாமி தானும் ஒரு தரம் தண்ணீர் ஊற்றுவார். பதிவேட்டில் தன் பேரை எழுதுவார். செத்த பிள்ளைக்குப் போதுமாக இருந்த பெண்ணின் கை பிழைத்த பிள்ளைக்குப் போதாமல் போனது.

இதைக் கோபத்தில் பல தரம் எழுதிக் கிழித்திருக்கிறேன். இன்று கிழிக்கமாட்டேன். என் மேசையில் ஒரு திருமுழுக்கு அத்தாட்சிப் பத்திரம் கிடக்கிறது. காலையில்தான் கோயில் கந்தோரில் வாங்கிக்கொண்டு வந்தேன். றப்பர் முத்திரையின் ஊதா மை இன்னும் சரியாகக் காயவில்லை. அந்த மணம் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் நாற்பது வருடம் என் விரல்களில் ஒட்டிக்கிடந்த மணம். பிள்ளையின் பேர் அனிற்றா. தகப்பன் பேர், தாய் பேர், ஞானத்தாய் என்று என் பேர். அதற்குக் கீழே 'திருமுழுக்கு அளித்தவர்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில், அக்கா, உங்கள் பேர்.

முழுப்பேர். மருத்துவ மாது என்ற உத்தியோகத்தோடு.

இந்தப் பேருக்குப் பின்னால் உள்ள கதையில் நான் வெட்கப்படவேண்டிய இடம் ஒன்று உண்டு. உங்களைத் தவிர யாருக்கும் அதைச் சொன்னதில்லை. ஆனாலும் முதலில் சொல்லவேண்டியது, இதை உங்களுக்குப் பழக்கியதே கோயில்தான் என்பது. நீங்கள் வேலைக்குப் போன புதிதில், கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கத்தோலிக்க மிட்வைஃப்மாரை எல்லாம் கூப்பிட்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் அன்றைய சுவாமி வகுப்பு எடுத்தார். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குருவுக்குக் காத்திருக்காதே. தண்ணீர் தலைத்தோலில் பட்டு ஓடவேண்டும், மயிரில் மட்டும் பட்டால் போதாது. ஊற்றுகிறவளே வார்த்தையையும் சொல்லவேண்டும். ஒரு பொம்மையை வைத்து உங்கள் எல்லோருக்கும் பழக்கினார். நீங்கள் கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டீர்களாம்.

"சுவாமி, இது நாங்கள் செய்தால் சரியெண்டால், மற்றதெல்லாம் ஏன் சரிவராது?"

"இது ஆபத்துக்கு, பிள்ளை. ஆபத்து இல்லாத இடத்தில் குருமார் இருக்கினம்" என்றாராம்.

இதை நீங்கள் எனக்குச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. தோட்டம் என்று நாம் சொல்கிற எங்கள் வரிசை வீடுகளின் பொதுக்குழாயில் வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கையைக் கொடுத்துக்கொண்டு, "விளங்குதோடி? ஆபத்தில்லாத வேலைக்குத்தான் ஆம்பிளை வேணுமாம்" என்றீர்கள். குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது பகிடியாகப் படவில்லை. அன்றைக்கே எனக்குள் ஒரு வழக்குப் பதிவாகிவிட்டது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பது உங்களுக்குத் தெரியும். தட்டெழுத்து மட்டும் படித்துவிட்டுக் கந்தோருக்குப் போனேன். சத்தியக்கடதாசியும் உறுதியும் மனுவும் அடித்து அடித்துச் சட்டம் படித்தேன். பிறகு நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்களிடம் திருச்சபைச் சட்டப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வாசித்தேன். "வழக்கு நடத்தப்போறியோ சேசுவுக்கு எதிரா?" என்று கேட்டீர்கள். "சேசு என்ர பக்கத்துச் சாட்சி" என்றேன்.

இனி அந்த நாள்.

எண்பதுகளின் கடைசி. நகரத்தில் ஊரடங்கு. எந்த ஊரடங்கு என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது, அத்தனை இருந்தன. தோட்டத்து வரிசை வீடுகளில், உங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில், அனிற்றாவின் தாய்க்கு நாளுக்கு முந்தியே வலி வந்துவிட்டது. தகப்பன் துறைமுகத்து வேலைக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டான். அம்புலன்ஸுக்குச் சொல்ல வழி இல்லை. காலை பத்து மணி இருக்கும். நீங்கள் உங்கள் பெட்டியோடு வந்தீர்கள். நான் வெந்நீரும் துணியுமாக ஓடித்திரிந்தேன்.

பிள்ளை நீலமாக வந்தது. அழவில்லை. கொடி கழுத்தில் இரண்டு சுற்று. நீங்கள் அதைக் கழற்றி, வாயைத் துடைத்து, குப்புறப் பிடித்துத் தட்டி, வாயோடு வாய் வைத்து ஊதினீர்கள். மார்பில் இரண்டு விரலை வைத்துப் பார்த்து, "துடிப்பு இருக்கு. ஆனால் போகப்போகுது. தண்ணி கொண்டா" என்றீர்கள். நான் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

ஏன் ஓடினேன் என்பதுதான் நான் வெட்கப்படுகிற இடம். ஆம்பிளை ஒருவரைக் கூட்டிவர ஓடினேன். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்ட கதையைக் கேட்டுச் சிரிக்காத நான், திருச்சபைச் சட்டத்தை அகராதி வைத்து வாசித்த நான், ஒரு சிசு சாகப்போகிறது என்ற நேரத்தில், என் பிறப்பிலிருந்து பீடத்தில் ஆம்பிளையை மட்டுமே கண்ட கண்ணோடு, தண்ணீர் ஊற்ற ஒரு ஆம்பிளை வேண்டும் என்று ஓடினேன். எதிர்வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் தையல்கார நானா இருந்தார். கழுத்தில் அளவு நாடாவோடு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். முஸ்லிம் மனுஷன். கோயில் படி ஏறாதவர். அவர் எனக்கு அந்த நேரத்தில் உங்களைவிடக் குருவாகத் தெரிந்தார், அக்கா.

வாசலுக்கு வந்தபோது பிள்ளை கத்தியது.

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். பிள்ளையின் தலை ஈரமாக இருந்தது. "நானாவை ஏனடி இழுத்துக்கொண்டு வந்தனீ? சட்டைக்கு அளவெடுக்கவோ?"

"ஊத்துறதுக்கு ஆம்பிளை வேணுமே அக்கா?"

"ஆம்பிளை வேணுமெண்டால் ஒன்பது மாசத்துக்கு முன்னம் வேணும். இப்பத் தண்ணி போதும். ஊத்தியாச்சு. அனிற்றா எண்டு பேரும் வச்சாச்சு. துவாயைத் தா."

கட்டிலில் கிடந்த தாய் அந்த நிலையிலும் சிரித்தாள். நானா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

ஊரடங்கு எடுத்த அடுத்த ஞாயிறு பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அதுவும் சட்டம் சொல்கிறபடிதான். அவசரத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு மிச்சச் சடங்குகளைக் கோயிலில் செய்யவேண்டும். எண்ணெய் பூசி, வெள்ளை உடுத்தி, திரி கொளுத்தி. தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றக்கூடாது. அது ஒரே தரம். சரியாகச் செய்தார்களா என்று சந்தேகம் இருந்தால், முதலில் விசாரிக்கவேண்டும். விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் மட்டுமே மறுபடி ஊற்றலாம்.

அப்போது இருந்தவர் வேறு சுவாமி, வயதானவர். "ஆர் ஊத்தினது?" என்று கேட்டார்.

"நான், சுவாமி" என்றீர்கள்.

எத்தனை தரம் ஊற்றினாய் என்று அவர் கேட்கவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. "சரி சரி, பதட்டத்தில் என்ன சொன்னீங்களோ. நான் வடிவாச் செய்யிறன்" என்றார். பிள்ளையை ஞானத்தாய் என்று நான்தான் ஏந்திக்கொண்டு நின்றேன். என் கையிலேயே அந்தத் தலையில் இரண்டாம் தரம் தண்ணீர் விழுந்தது. நான் பேசவில்லை. நீங்களும் பேசவில்லை. நீங்கள் பேசாததற்குக் காரணம் பொறுமை. நான் பேசாததற்குக் காரணம், என் ஓட்டம். ஆம்பிளையைத் தேடி ஓடியவள் எந்த வாயால் சுவாமியை மறிப்பாள்?

திரும்பி வரும்போது சந்தியில் நின்று சொன்னீர்கள்: "பதட்டமாம். நான் பதட்டப்பட்டிருந்தால் உந்தப் பிள்ளைக்கு இண்டைக்குச் சேமக்காலையிலதான் செபம். அப்ப என்ர தண்ணி காணும் எண்டிருப்பார்."

அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி நீங்கள் கதைக்கவே இல்லை. எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி நடந்ததென்று கேட்டபோது, "எண்ணிக்கொண்டு திரிய நான் என்ன கணக்கப்பிள்ளையோ?" என்று வாயை அடைத்துவிட்டீர்கள். நான்தான் விடாமல் கதைத்தேன். பெண் ஏன் குருவாக முடியாது என்று வருகிற போகிற சுவாமிமார் எல்லோரிடமும் கேட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் செபமாலை சொல்லச் சொன்னார். ஒருவர், "மாதாவே கேட்கேல்ல, நீங்கள் கேட்கிறீங்களோ?" என்றார். "மாதாவின் பிள்ளையை யாரும் மறுபடி பெறேல்ல, சுவாமி" என்றேன். அவர் மாற்றலாகிப் போகும்வரை எனக்கு முகம் தரவில்லை. நீங்கள் என்னை ஏசினீர்கள். "நான் பூசை வைக்கக் கேட்கேல்ல. செய்ததைச் செய்தன் எண்டு எழுதினால் காணும். நீ ஏன் பெரிசாக் கேட்கிறாய்?"

"நீங்கள் சின்னதாகக் கேட்டதையும் அவை தரேல்லையே, அக்கா. அப்ப பெரிசாக் கேட்டால் என்ன?"

இதில் நாம் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. இப்போதும் ஒத்துப்போகவில்லை.

போன வருடம் உங்கள் அடக்கப் பூசையில் சுவாமி பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம், குறை சொல்லமாட்டேன். உங்களைப் பக்தியுள்ள பெண் என்றார். வருடக்கணக்கில் பீடத்துக்குப் பூ வைத்தவர் என்றார். பூ! பூ வைத்தது உண்மைதான், ஓய்வு எடுத்த பிறகு பொழுது போக வைத்தீர்கள். ஆனால் கிறிஸ்தவர்களை உண்டாக்கிய கையை எடுத்துக்கொண்டு, பூவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்து வாங்கில் இருந்துகொண்டு முடிவெடுத்தேன். எட்டாம் நாள் பூசைக்கு முன்னமே தட்டெழுத்து யந்திரத்தை மேசையில் தூக்கி வைத்துவிட்டேன்.

பதிவேட்டில் உங்கள் பேரைப் போடச் சொல்லிக் கோயிலுக்கு அனுப்பிய முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதை நேரிலே கொண்டுபோனேன். கந்தோரில் இருந்த பிள்ளை, "அன்ரி, அந்த அக்காவும் இல்லை, அந்தச் சுவாமியும் இல்லை. இனி ஏன்?" என்று கேட்டாள். "பதிவேடு இருக்குத்தானே?" என்றேன்.

பங்குச் சுவாமி இளம் ஆள், மன்னார்ப் பக்கம். என்னை இருக்கச் சொல்லி, தேத்தண்ணி வரவழைத்தார். மனுவை முழுக்க வாசித்தார். அதற்கே அவருக்கு ஒரு மரியாதை.

"அன்ரி, ரெண்டு விசயத்தைக் கலக்கிறீங்கள். திருமுழுக்கு வேற, குருத்துவம் வேற. அவசரத்தில் ஆரும் திருமுழுக்குக் குடுக்கலாம். பூசை வைக்கிறது பட்டம் பெற்ற குரு மட்டும். பட்டம் ஆண்களுக்கு மட்டும்."

"ஏன் ஃபாதர்?"

"ஆண்டவர் பன்னிரண்டு பேரையும் ஆண்களாத்தானே தெரிஞ்சவர்."

"பன்னிரண்டு பேரும் யூதர். அதில் மன்னார் ஆள் ஒருத்தரும் இல்லை. உங்களுக்கு எப்படிப் பட்டம் தந்தவை?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். குரு பீடத்தில் கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார், அந்த அடையாளம் ஆணாக இருக்கவேண்டும் என்பது திருச்சபையின் படிப்பினை. தொடக்கத்திலிருந்து இப்படியே வந்திருக்கிறது. இதை மாற்றத் தனக்கே அதிகாரம் இல்லை என்றுதான் திருச்சபை சொல்கிறது. "பெண் குறைவெண்டு சொல்லேல்ல, அன்ரி. நான் பொய் சொல்லமாட்டன். எனக்கு இதுதான் படிப்பிச்சது, நான் இதை நம்புறன்."

நேராகச் சொன்னார். செபமாலை சொல்லச் சொல்லவில்லை. நானும் நேராகக் கேட்டேன்.

"ஞானஸ்நானத்தில் கழுவுறது ஆர் ஃபாதர்? குருவோ, கிறிஸ்துவோ?"

"கிறிஸ்துதான். குரு கருவி."

"அப்ப அண்டைக்கு ஊரடங்கில, அந்த வீட்டில, அந்தப் பிள்ளையின்ர தலையில் தண்ணி ஊத்தின கை ஆரின்ர கை?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இதுக்கு நான் யோசிச்சுத்தான் பதில் சொல்லவேணும்" என்றார். "ஆனால் பதிவேட்டில் கைவைக்கிறதெண்டால் மேலிடத்து அனுமதி வேணும். முதல் ஊத்தினது சரியா நடந்ததெண்டு சாட்சி வேணும். நீங்கள் ஞானத்தாய், அதோட அவவின்ர சிநேகிதி. உங்கட சொல் மட்டும் காணாது."

அனிற்றாவின் தாய் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். நானும் ஊற்றும்போது அறையில் இல்லை. நான்தான் ஓடிவிட்டேனே. அந்த ஓட்டம் முப்பது வருடத்துக்கு மேல் கழித்து என் வழக்கையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போதுதான் நானாவின் நினைவு வந்தது.

தோட்டத்தை இடித்து அடுக்குமாடி கட்டியபோது நாம் எல்லோரும் சிதறினோமே, அவர் கிராண்ட்பாஸில் மகளோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேடிப்பிடித்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் மங்கல். காது மட்டும் அப்படியே இருக்கிறது. என் குரலைக் கேட்டவுடனே, "என்னா தங்கச்சி, மறுபடியும் இழுத்துக்கொண்டு போகவா வந்த?" என்றார்.

விசயத்தைச் சொன்னேன். "நீங்கள் வரமுன்னமே எல்லாம் முடிஞ்சுபோச்சு நானா. நீங்கள் காணேல்ல. ஆனால் ஏதும் ஞாபகம் இருக்கோ எண்டு..."

"காணல்லதான். ஆனா கேட்டேனே."

"என்ன கேட்டீங்கள்?"

"நீ வந்து கதவுல அடிக்கிறதுக்கு முந்தியே கேட்டேன். நடுவுல பலகைச் சுவர்தானே. நீ அடிக்கிற நேரம் நான் செருப்பத் தேடிக்கொண்டு ஈந்த. மிஸ்ஸி மந்திரம் செல்றது தெளிவாக் கேட்டுது."

தோட்டம் முழுக்க உங்களை மிஸ்ஸி என்றுதானே கூப்பிட்டது. நான் அவரை நம்பாமல் பார்த்தேன். "அப்ப நான் இழுத்தபோது ஏன் சொல்லேல்ல, எல்லாம் முடிஞ்சுதெண்டு?"

"நீ செல்ல விட்டியா? ஆம்பிளை, ஆம்பிளைண்டு கத்திக்கொண்டு இழுத்த."

அடுத்த கிழமை அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கோயில் கந்தோருக்குப் போனேன். வெள்ளைத் தொப்பியும் புதுச் சாரமுமாக வந்தார். ஃபாதர் எழுந்து நின்று கதிரை போட்டார். என்னைப் பேசவேண்டாம் என்றார். பேசாமல் இருந்தேன், அது எனக்கு லேசான காரியம் இல்லை.

"ஐயா, நீங்கள் கேட்டதை மட்டும் சொல்லுங்கோ."

"மிஸ்ஸி செல்லினா: அனிற்றா, நான் உன்னைப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால கழுவுறேன். பிதாண்டு ஒருக்காத் தண்ணி விழுந்த சத்தம். சுதன்டு ஒருக்கா. ஆவிண்டு ஒருக்கா. கீழ பேசின் வச்சீந்தாப் போல, தகரத்துல விழுந்த சத்தம்."

"நீங்கள் முஸ்லிம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு எப்படி வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கு?"

"ஃபாதர், அந்தச் சுவருக்கு இங்கால இருபத்தஞ்சு வருசம் தச்சேன். அங்கால பின்னேரம் பின்னேரம் செபமாலை. உங்கட மந்திரமெல்லாம் எனக்குப் பாடம். அதோட, அந்த வார்த்தைக்குப் பிந்தித்தான் புள்ள அழுதிச்சு. அந்தச் சத்தத்த யாரு மறக்கிற?"

ஃபாதர் எழுதிக்கொண்டார். நானா கேட்டார்: "எனக்கு ஒரு சந்தேகம் ஈக்கிது. இந்தத் தங்கச்சி கொஞ்சம் முந்தி வந்து, மிஸ்ஸிக்குப் பதிலா நான் ஊத்தியிருந்தா? அது சரிவருமா?"

"திருச்சபையின்ர எண்ணத்தோட, அந்த வார்த்தையைச் சொல்லிச் செய்திருந்தால், சட்டப்படி சரிவரும். ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் பெறாதவரும் குடுக்கலாம்."

"ஓ... அப்ப நான் ஊத்தினாச் சரி. ஞாயிறு ஞாயிறு உங்கட கோயிலுக்கு வந்த மிஸ்ஸி ஊத்தினா மட்டும், திரும்ப ஊத்தவேணுமா?"

ஃபாதர் பேனையை வைத்தார். எத்தனை சுவாமிமாரிடம் எத்தனை புத்தகத்தை வைத்து நான் கேட்டேன், அக்கா. ஒரு தையல்கார மனுஷன், ஒரு நிமிடத்தில், சந்தேகம் என்று சொல்லிக் கேட்டார்.

"நான் மேல எழுதுறன்" என்றார் ஃபாதர். "நானே கையெழுத்து வச்சு அனுப்புறன்."

சமாதான நீதவான் முன்னால் நானா சத்தியக்கடதாசியில் ஒப்பமிட்டார். அனுமதி வந்தது. நேற்றுப் பின்னேரம் பதிவேட்டை எடுத்து என் முன்னால் விரித்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து அனிற்றா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பழைய சுவாமியின் பேர் அப்படியே இருந்தது, அதை வெட்ட முடியாதாம். பக்கத்து ஓரத்தில் குறிப்பு எழுதி, புதுப் பத்திரத்தில் சரியான பேரைப் போடுவதாம். ஃபாதர் முதலில் கடதாசியில் எழுதி என்னிடம் காட்டினார். 'பிறந்த அன்றே மரண ஆபத்தில் திருமுழுக்குப் பெற உதவினார்' என்று உங்கள் பேருக்குப் பின்னால் இருந்தது.

"உதவினது நான். கோப்பையில் தண்ணி கொண்டுவந்து வச்சன்" என்றேன். "அவ அளித்தவ. 'அளித்தார்' எண்டு எழுதுங்கோ. நான் இருப்பன், அவசரமில்லை."

அனிற்றா என் தோளைத் தட்டி, "மம்மா, விடுங்கோவன், பேர் வந்திட்டுதுதானே" என்றாள். ஞானத்தாயான என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் கதிரையில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்தேன். ஃபாதர் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே வெட்டி எழுதினார். பிறகு பதிவேட்டில், கறுப்பு மையில், என் கண் முன்னால், அளித்தார்.

அனிற்றா குனிந்து அந்த வரியை வாசித்தாள். அவள் பிறந்த கதையைப் பல தரம் கேட்டிருக்கிறாள். எழுத்தில் பார்த்தது இதுதான் முதல் தரம். "என்னை இந்தக் கோயிலுக்குள் கொண்டுவந்தது ஒரு பொம்பிளை" என்று சொன்னாள். யாருக்கும் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். ஃபாதர், "ஓம்" என்றார். அந்த ஓம் போதும் எனக்கு. ஒரு குரு, கோயில் கந்தோரில், பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொன்ன ஓம்.

வென்றது ஒரு கட்டம் மட்டும்தான், தெரியும். பீடம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் கட்டத்தைத் தர முடியாது என்றுதானே அவர்கள் தொடங்கினார்கள். தந்துவிட்டார்கள். அந்த ஓட்டத்தை நான் இன்னும் சுமக்கிறேன், அதை இறக்கிவைக்கப் போவதில்லை. பெண்ணுக்குப் பீடம் இல்லை என்று ஒரு பிள்ளைக்குச் சிறு வயது முதல் காட்டிக்கொண்டு வந்தால் அவள் என்ன ஆவாள் என்பதற்கு நான் என்னையே சாட்சியாகப் போடுவேன். சாகிற பிள்ளையை விட்டுவிட்டு ஆம்பிளையைத் தேடி ஓடுவாள். பன்னிரண்டு பேரைப் பற்றி எனக்கு இனி யாரும் படிப்பிக்க வேண்டாம். இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆகவே இனிச் செய்யவேண்டியதை எழுதிவைக்கிறேன், யார் செய்யவேண்டும் என்பதையும் சேர்த்து. ஆள் குறிக்காத கட்டளையை ஒருவரும் நிறைவேற்றுவதில்லை என்பது கந்தோரில் படித்தது.

பங்குச் சுவாமி வருகிற ஞாயிறு தமிழ்ப் பூசையில் அந்தக் குறிப்பை வாசிக்கவேண்டும். கடைசி அறிவித்தல்களோடு சேர்த்து வாசித்தால் ஒப்புக்கொள்ளமாட்டேன், பிரசங்க நேரத்தில் வாசிக்கவேண்டும்.

உங்கள் கையால் பிழைத்த மற்றப் பிள்ளைகள், இப்போது நாற்பதும் ஐம்பதுமாக இருப்பவர்கள், தாய்மாரிடம் கேட்டுக்கொண்டு தங்கள் பத்திரங்களோடு கந்தோருக்கு வரவேண்டும். மனு அடித்துக் கொடுக்க நான் இருக்கிறேன். தாய்மார் மறைக்காமல் சொல்லவேண்டும்.

பிள்ளைகளுக்கு முதல் நன்மை வகுப்பு எடுக்கும் கன்னியாஸ்திரிமார், ஆபத்தில் சொல்லவேண்டிய அந்த வார்த்தையைப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் பாடமாக்கவேண்டும். என்னைப் போல ஒருத்தியும் இனி ஓடக்கூடாது.

குருமடத்தில் படிப்பிக்கிறவர்கள் நானாவின் கேள்வியைப் பரீட்சைத் தாளில் போடவேண்டும். பதில் தெரியாத பெடியனுக்குப் பட்டம் கொடுக்கக்கூடாது.

எங்கள் ஆயர், மேற்றிராணியார், பெண்ணுக்குக் குருத்துவம் இல்லை என்பதை இனிமேல் கடிதத்தில் சொல்லக்கூடாது. இந்த நகரத்தில் பிள்ளைபெற்ற, பிள்ளைப்பேறு பார்த்த பெண்களை எல்லாம் கோயிலின் முன்வாங்குகளில் இருத்தி, அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காரணத்தைச் சொல்லவேண்டும். சொல்லி முடித்த பிறகு, எழுந்து போகாமல், அவர்கள் கேட்பதைக் கேட்கவேண்டும். அவரால் முடியாவிட்டால் அவருக்குப் பின்னால் வருகிறவர் செய்யவேண்டும்.

நான் செய்யவேண்டியது, அதுவரைக்கும் சாகாமல் இருப்பது. என் இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று டொக்டர் சொல்கிறார். அவருக்கு என்னைத் தெரியாது.